காத்திருப்பை அளந்தவர்கள்

பெத்லகேம் நகரின் வடக்கு விளிம்பில், எருசலேம் செல்லும் பழைய நெடுஞ்சாலையை உயர்ந்த கற்காரைச் சுவர் ஒன்று குறுக்கே மறிக்கிறது. அங்கே '300' என்று எண்ணிடப்பட்ட படைத்துறைச் சோதனைச்சாவடி இருக்கிறது. கட்டட வேலைக்குச் செல்லும் பாலத்தீனத் தொழிலாளர்கள் விடியலுக்கு வெகுமுன்பே, இரவு மூன்று மணியளவிலேயே அதன் இரும்புக் கூண்டுப் பாதையில் வந்து நிற்பது பல்லாண்டு வழக்கமாக இருந்தது. அவர்களுக்குச் சற்றுத் தள்ளி, குறிப்பேட்டோடும் எண்ணும் கருவியோடும் வேறு சிலரும் நிற்பார்கள். அவர்கள் வேலைக்குப் போகிறவர்கள் அல்லர். யாருடைய சம்பளத்திலும் இருப்பவர்கள் அல்லர். சுழல்வாயிலை ஒருவர் கடக்கும்போதெல்லாம் கருவியை ஒருமுறை அழுத்துவார்கள். வாயில் எத்தனை மணிக்குத் திறந்தது, எத்தனை சாளரங்களில் ஆள் இருந்தது, பெண்கள் எத்தனை பேர், எவர் திருப்பியனுப்பப்பட்டார், கேட்டபோது சொல்லப்பட்ட காரணம் என்ன என்றெல்லாம் எழுதிக்கொள்வார்கள். மறுநாள் வேறு இருவர் வந்து அதையே செய்வார்கள்.

இந்தப் பணியை அறச்செயல் என்று போற்றுவோர் உண்டு, அரசியல் என்று ஒதுக்குவோரும் உண்டு. இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆயினும் இதை ஓர் அறிவியல் முயற்சியாகவே இக்கட்டுரை அணுகுகிறது. கருவிகள் எளியவை, நோக்கர்கள் பயிற்சி குறைந்தவர்கள், நோக்கப்படும் பொருளோ நிலையற்றது. இருந்தும், மனிதரின் காத்திருப்பு என்னும் அளக்க அரிய ஒன்றை ஆண்டுக்கணக்கில் இவர்கள் அளந்திருக்கிறார்கள்.

முதலில் களத்தைச் சொல்ல வேண்டும். 1967ஆம் ஆண்டுப் போரில் மேற்குக் கரையும் காசாவும் இசுரேலின் படைத்துறை ஆட்சியின்கீழ் வந்தன. 1972இல் பொது வெளியேறல் இசைவு ஒன்று அளிக்கப்பட்டது. அதன்படி அங்குள்ள பாலத்தீனர்கள் பகற்பொழுதில் பெரும்பாலும் தடையின்றி இசுரேலுக்குள் சென்று வர முடிந்தது. 1991இல் அப்பொது இசைவு நீக்கப்பட்டு, ஒவ்வொருவரும் தனித்தனியே இசைவுச்சீட்டுப் பெறும் முறை வந்தது. 1993இல் பொது அடைப்பு அறிவிக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் பாலத்தீனரின் இரண்டாம் எழுச்சி வெடித்தபின், இசுரேல் நகரங்களின் பேருந்துகளிலும் உணவகங்களிலும் தற்கொலைக் குண்டுகள் மக்களைக் கொன்றன. பாலத்தீன நகரங்களில் படைநடவடிக்கைகள் இன்னும் பெருந்தொகையான உயிர்களைக் குடித்தன. சோதனைச்சாவடிகள் பல்கிப் பெருகியது அப்போதுதான். குண்டுதாரிகளைத் தடுக்கவே அவை என்பது படையின் வாதம். அந்த வாதம் வெற்றுச் சொல் அன்று: 2004 மார்ச்சில் நாப்லுசுக்குத் தெற்கேயுள்ள உவாரா சாவடியில் வெடிமருந்துக் கச்சை அணிந்த சிறுவன் ஒருவன் பிடிபட்டான்; சாவடிகளில் நின்ற படைவீரர்களும் தாக்குதல்களில் மாண்டிருக்கிறார்கள். ஆனால் மேற்குக் கரைச் சாவடிகளில் மிகப் பல, இசுரேலின் எல்லையில் இல்லை. அவை ஒரு பாலத்தீன ஊருக்கும் அடுத்த பாலத்தீன ஊருக்கும் இடையில், வயலுக்கும் வீட்டுக்கும் இடையில், மாணவருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையில் நிற்கின்றன. இந்த ஒன்றை மறந்தால் பின்வரும் எதுவும் விளங்காது.

2001ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எருசலேமில் மூன்று பெண்கள் சேர்ந்து ஒரு சிறு முயற்சியைத் தொடங்கினர்: ரானி யேகர், ஆதி குன்ட்சுமன், யெகுதித் கேசெத். மூவரும் இசுரேலியர். சாவடிகளில் நடப்பதைப் பற்றிச் செய்திகள் வந்துகொண்டிருந்தன. தம் நாட்டின் பெயரால் நடப்பதைத் தம் கண்ணால் காண வேண்டும் என்பதே அவர்களின் முதல் எண்ணம். 'மக்சோம் வாட்ச்' என்று பெயர் சூட்டிக்கொண்ட அவ்வமைப்பில் பெண்களுக்கு மட்டுமே இடம். மக்சோம் என்பது சாவடியைக் குறிக்கும் எபிரேயச் சொல்; வாட்ச் என்பது கண்காணிப்பு. சில ஆண்டுகளுக்குள் சில நூறு பெண்கள் சேர்ந்தனர். நடு அகவையைக் கடந்தோர் பலர். பேரப்பிள்ளை கண்டவர்களும் உண்டு. காவல் நிற்கும் வீரனோ பத்தொன்பது, இருபது அகவை இளைஞன். தன் பாட்டியின் அகவையுடைய ஒருத்தி, தன் மொழியையே பேசுபவள், தன் முகத்தைப் பார்த்தபடி எழுதிக்கொண்டிருக்கிறாள் என்பது அவனுக்குப் புதிய நிலைமை. வெளிநாட்டு நோக்கரை 'உங்களுக்கு என்ன தெரியும்' என்று தள்ளிவிடலாம். இவளை அப்படித் தள்ளுவது கடினம்.

காலை ஒரு முறை, பிற்பகல் ஒரு முறை என்று அவர்கள் சென்றார்கள். இரண்டு முதல் நான்கு பேர் வரை ஒரு குழு. ஒரு குழு ஒரே முறையில் பல சாவடிகளைச் சுற்றி வருவதும் உண்டு. கலந்தியா, உவாரா, பெய்த் இபா, அபூ தீசு, பெத்லகேம் என்று அவர்களின் வழித்தடங்கள் நிலைபெற்றன. பின்னர்ப் பிரிப்புச் சுவரின் ஓரத்துப் பயிர்நில வாயில்களுக்கும், படைத்துறை நீதிமன்றங்களுக்கும், இசைவுச்சீட்டு வழங்கும் அலுவலகங்களுக்கும் அவர்கள் பணி விரிந்தது. திரும்பியதும் அறிக்கை எழுதி எபிரேயத்திலும் ஆங்கிலத்திலும் பொதுவில் வைத்தார்கள். நாள், நேரம், இடம், கண்டது. சில அறிக்கைகள் ஒரு பக்கம். சில நான்கே வரி. 'இன்று கூட்டமில்லை, பத்து நிமையத்தில் கடந்தார்கள்' என்ற வரிகளும் அவற்றில் உண்டு. அறிவியல் நோக்கில் அந்த வரிகளே விலை மதிப்பற்றவை என்பேன். கொடுமை நடந்த நாளை மட்டும் எழுதுபவர் கதை சொல்கிறார். ஒன்றும் நடவாத நாளையும் எழுதுபவரே தரவு சேர்க்கிறார்.

அடுத்த ஆண்டு, 2002இல், எருசலேம் திருச்சபைத் தலைவர்களின் வேண்டுகோளை ஏற்று உலகத் திருச்சபைகள் மன்றம் மற்றொரு திட்டத்தைத் தொடங்கியது. பல நாடுகளிலிருந்து தன்னார்வலர்கள் மும்மூன்று மாதக் குழுக்களாக வந்து பாலத்தீன ஊர்களில் தங்கி, சாவடிகளிலும் பள்ளி வழிகளிலும் பயிர்நில வாயில்களிலும் நின்று எண்ணினார்கள். கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட எண்ணும் கருவிகள் இவர்களுடையவை. மக்சோம் வாட்ச் பெண்களின் எழுத்தில் உரையாடலும் முகமும் மிகுதி. இவர்களின் பதிவில் எண்ணிக்கை மிகுதி. ஒன்றை மற்றொன்று நிரப்பியது.

இனி அளவைக்கு வருவோம். ஒரு சாவடியில் ஒருவர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதை எப்படி அறிவது? ஒவ்வொருவரையும் பின்தொடர்ந்து கடிகாரம் பார்க்க இயலாது. கேட்டால், களைப்பில் ஒருவர் கூட்டியும் மற்றொருவர் குறைத்தும் சொல்வார். இதற்கான விடையை வரிசைக் கோட்பாடு என்னும் கணிதத்துறை தருகிறது. அத்துறை பிறந்தது கோபன்கேகன் நகரின் தொலைபேசி நிறுவனத்தில். அங்குப் பணியாற்றிய அக்னர் கிராரப் எர்லாங், அழைப்புகள் எத்தனை வந்தால் எத்தனை இணைப்புகள் வேண்டும் என்று ஆராய்ந்து 1909இல் தம் முதற்கட்டுரையை வெளியிட்டார். 1961இல் அமெரிக்கரான சான் லிட்டில் ஓர் எளிய உறவை மெய்ப்பித்தார்: நிலையாக இயங்கும் ஒரு வரிசையில் சராசரியாக நிற்போரின் எண்ணிக்கை, வருகை வீதத்தைச் சராசரிக் காத்திருப்பால் பெருக்கினால் கிடைப்பதற்குச் சமம். வருகை எவ்வகையில் அமைந்தாலும், காவலர் வேகமாகவோ மெதுவாகவோ பார்த்தாலும் இது பொருந்தும். கூண்டில் 300 பேர் நிற்கிறார்கள், நிமையத்துக்குப் பத்துப் பேர் உள்ளே போகிறார்கள் என்றால் காத்திருப்பு ஏறத்தாழ அரைமணி. தலைகளை எண்ணவும் கடப்போரை எண்ணவும் தெரிந்த எவரும், எவரையும் ஒரு கேள்வியும் கேட்காமல், காத்திருப்பைக் கணக்கிட்டுவிடலாம். தன்னார்வலரின் கையிலிருந்த சிறு கருவிக்கு இவ்வளவு ஆற்றல் எங்கிருந்து வந்தது என்பது இதனால் தெளிவாகும்.

அதே கோட்பாடு இன்னொன்றையும் சொல்கிறது; அது பொதுவாகப் பலரும் உணராதது. ஒரே ஒரு சாளரம், அதில் நிமையத்துக்குச் சராசரியாகப் பத்துப் பேரைப் பார்க்க முடியும் என்று கொள்வோம். வருவோர் நிமையத்துக்கு ஒன்பது பேர் என்றால், எளிய கணித வடிவில், ஒருவர் அங்கே செலவிடும் நேரம் சராசரியாக ஒரு நிமையம். வருவோர் 9.9 ஆனால் அது பத்து நிமையம். கூட்டம் பத்தில் ஒரு பங்கு கூடியது. காத்திருப்போ பத்து மடங்கானது. பத்தைத் தாண்டிவிட்டால் வரிசைக்கு எல்லையே இல்லை. வருகை குறையும்வரை அது வளர்ந்துகொண்டே போகும். ஆகவே ஒரு சாவடியின் கொடுமையோ இரக்கமோ பல வேளைகளில் மிகச் சிறிய ஒரு செயலில் அடங்கிவிடுகிறது: இரண்டாம் சாளரத்தைத் திறந்தார்களா இல்லையா. கலந்தியா பற்றிய அறிக்கைகளில் எத்தனை வழிகள் திறந்திருந்தன என்ற குறிப்பு மீண்டும் மீண்டும் வருவதைக் காணலாம். அது சலிப்பூட்டும் குறிப்புப் போலத் தோன்றும். உண்மையில் அந்த இயங்கமைப்பின் திறவுகோலே அதுதான்.

ஆயினும் சராசரியோடு நின்றுவிட்டால் நாம் பெரிதும் ஏமாறுவோம். அரைமணி என்பது உறுதியாகத் தெரிந்தால் ஒரு தொழிலாளி அரைமணி முன்னதாக எழுவார். அது இழப்பே என்றாலும் தாங்கக்கூடியது. இன்று பத்து நிமையம், நாளை இரண்டு மணி, மறுநாள் காரணம் சொல்லாத அடைப்பு என்றால் அவர் என்ன செய்வார்? ஏழு மணிக்கு வேலை நடக்கும் இடத்தில் இல்லையென்றால் அன்றைய கூலி போயிற்று. இரண்டு மூன்று முறை தவறினால் வேலையே போய்விடும். ஆகவே மிக மோசமான நாளைக் கணக்கில் கொண்டே எல்லா நாளும் எழ வேண்டியிருக்கிறது. மூன்று மணிக்கு வந்து நிற்பவர்களின் கணக்கு இதுவே. கடப்பதற்கு அன்று இருபது நிமையமே ஆயிற்று என்று பதிவில் இருக்கலாம். ஆனால் அந்த மனிதர் உறக்கத்தில் இழந்தது மூன்று மணி நேரம். அந்த இழப்பு எந்தச் சாளரத்திலும் பதியப்படுவதில்லை. சாவடியின் உண்மையான சுமை அதன் மாறுபாட்டில் இருக்கிறது. மாறுபாட்டை ஒருநாள் வந்து பார்த்துச் செல்லும் செய்தியாளரால் காண இயலாது. நல்ல நாளில் வந்தவர் நல்லதை எழுதுவார், தீய நாளில் வந்தவர் தீயதை எழுதுவார். நீண்ட, இடையறாத, சலிப்பூட்டும் தொடர்பதிவில் மட்டுமே மாறுபாடு வெளிப்படும். தன்னார்வலர்களின் பிடிவாதத்துக்கு இருக்கும் அறிவியல் மதிப்பு இதுவே. இதை அவர்களைப் பாராட்டியோரும் போதிய அளவு சொல்லவில்லை.

புள்ளியியல் கற்போர் கருதத்தக்க ஒரு நுட்பமும் இங்கு உண்டு. ஒருநாள் நூறு பேர் வந்து பத்துப் பத்து நிமையம் காத்திருந்தார்கள். மறுநாள் ஐந்நூறு பேர் வந்து அறுபது அறுபது நிமையம் காத்திருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். நாட்களின் சராசரி 35 நிமையம். ஆட்களின் சராசரி ஏறத்தாழ 52 நிமையம். இரண்டும் சரியான கணக்கே. அலுவலகம் முதலாவதைச் சொல்லும். வரிசையில் நின்றவர் வாழ்வது இரண்டாவதை. கூட்டம் மிகுந்த நாளில் மிகுதியானோர் துன்புறுகிறார்கள் என்பதால், மக்களின் பட்டறிவு எப்போதும் அலுவலகச் சராசரியைவிடக் கடுமையாகவே இருக்கும். அதை மிகைக்கூற்று என்று கருதுவது கணக்கை அறியாமை.

நோக்குவதாலேயே நோக்கப்படுவது மாறிவிடாதா என்ற வினாவும் எழும். மாறும். சிகாகோவை அடுத்த ஆத்தார்ன் தொழிற்கூடத்தில் 1924 முதல் நடந்த ஆய்வுகளையொட்டி, இதற்கு அத்தொழிற்கூடத்தின் பெயரே சூட்டப்பட்டது. கவனிக்கப்படுகிறோம் என்று அறிந்தவர் வேறுவிதமாக நடக்கிறார். சாவடியில் இது இருபுறமும் வேலை செய்தது. பெண்களைக் கண்டதும் சில வீரர்கள் குரலைத் தாழ்த்தினார்கள், வரிசையை விரைவுபடுத்தினார்கள். வேறு சிலரோ எரிச்சலுற்று, 'இவர்கள் போகும்வரை எவரும் கடக்க முடியாது' என்று வாயிலை அடைத்தார்கள். அதன் விலையைச் செலுத்தியவர்கள் பாலத்தீனர்கள். அப்போது நோக்கர் விலகிச் செல்வதா, நிற்பதா? இதற்குப் பொதுவிடை இல்லை. ஒவ்வொரு முறையும் வரிசையில் நிற்பவர்களைக் கேட்டே முடிவு செய்திருக்கிறார்கள் என்பது அறிக்கைகளிலிருந்து தெரிகிறது.

நிற்கும் இடமும் ஒரு சிக்கலே. மக்சோம் வாட்ச்சில் பங்கேற்றவர்களும் ஆய்வாளர்களுமான ஆகார் கோதெப், மெராவ் அமிர் இருவரும் 'கற்பனைக் கோடு' ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். இந்தக் கோட்டைத் தாண்டாதே என்று வீரன் கத்துவான். தரையில் கோடு எதுவும் இராது. நேற்று இருந்த இடத்தில் இன்று இராது. தாண்டியவன் குற்றவாளி. விதியை அறியவே வழியில்லாதபோது எவராலும் விதியைப் பின்பற்ற இயலாது. மீறல் நிகழ்ந்தே தீரும். மீறல் நிகழ்ந்ததால் சாவடி தேவை என்றாகிவிடும். இந்தச் சுழலை அவர்கள் அறிந்தது நூலகத்தில் இருந்து அன்று. கோடு இடம் மாறுவதை நாள்தோறும் நின்று பார்த்ததால்.

கண்ணால் கண்ட சான்றின் எல்லையைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று 2004 நவம்பரில் பெய்த் இபா சாவடியில் நடந்தது. பாலத்தீன இளைஞர் ஒருவர் வீரர்களின் முன்னால் நின்று வயலின் வாசிப்பதைத் தன்னார்வலர் ஒருவர் ஒளிப்பதிவு செய்தார். படம் வெளியானதும் இசுரேல் முழுவதும் அதிர்ந்தது. யூதர்களின் துயர வரலாற்றை அறிந்த ஒரு சமூகத்துக்கு அந்தக் காட்சி எதை நினைவூட்டியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வீரர்கள் கேட்டதால்தான் வாசித்தேன் என்றார் அவர். கட்டாயப்படுத்தவில்லை என்றது படையின் விசாரணை. படம் இரண்டில் எதையும் உறுதி செய்யவில்லை. அது காட்டியது வாசிப்பை மட்டுமே. ஆனால் துப்பாக்கி ஏந்தியவரின் வேண்டுகோளுக்கும் கட்டளைக்கும் இடையே உள்ள வேறுபாட்டை, எதிரே நின்று கடக்க வேண்டியவர் எப்படி அளப்பார்? என் தீர்ப்பு இது: அந்தப் படத்தின் மீது எழுந்த பெருங்கிளர்ச்சி, அதே சாவடியில் நாள்தோறும் நடந்த கேட்பாரற்ற காத்திருப்புக்கு எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. காட்சி உள்ள துன்பத்துக்கு உலகம் செவி சாய்க்கும். எண்ணிக்கையாய் மட்டும் இருக்கும் துன்பத்துக்கு அரிதாகவே.

சாவடியின் பொருள்களையும் ஆய்வாளர்கள் அளந்தார்கள். கட்டடக்கலை ஆய்வாளர் எயால் வைசுமன் 2007இல் வெளிவந்த தம் நூலில் சுழல்வாயில்களைப் பற்றி ஒரு செய்தி தருகிறார். இசுரேலின் தொடர்வண்டி நிலையங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் உள்ள சுழல்வாயிலின் கை 75 முதல் 90 செண்டிமீட்டர் நீளமுடையது. சாவடிகளுக்கு வந்தவற்றில் அது 55 செண்டிமீட்டர். ஆடைக்குள் ஏதும் மறைந்திருந்தால் உடல் இறுக்கப்படும்போது தெரியும் என்பதற்காக. கருவுற்ற பெண்ணும், பருத்த முதியவரும், குழந்தையைத் தோளில் சுமந்த தாயும் அந்த 55 செண்டிமீட்டருக்குள் புகுந்து வர வேண்டும். நடுவில் நின்றுபோனால், மீண்டும் சுழற்றும் பொத்தான் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவரின் கையில்.

பிறப்பும் இறப்பும்கூட எண்ணப்பட்டன. 2000க்கும் 2006க்கும் இடையே அறுபதுக்கும் மேற்பட்ட பாலத்தீனப் பெண்கள் சாவடிகளில் பிள்ளை பெற்றார்கள் என்றும், அக்குழந்தைகளில் முப்பதுக்கும் மேற்பட்டவை இறந்தன என்றும், பாலத்தீன நலவாழ்வுத்துறைத் தரவை மேற்கோள் காட்டி ஐ.நா. மனித உரிமை அறிக்கைகள் பதிந்துள்ளன.

ஆயினும் மனிதவாழ்வு எங்கும் தன் வேரை ஊன்றிக்கொள்ளும். ரமல்லாவுக்கும் பீர்செய்த் பல்கலைக்கழகத்துக்கும் இடையே சுர்தாவில் சாலை அறுக்கப்பட்டிருந்த ஆண்டுகளில், ஒருபுறம் சிற்றுந்திலிருந்து இறங்கி, நடந்து கடந்து, மறுபுறம் வேறு சிற்றுந்தில் ஏற வேண்டியிருந்தது. அந்த நடைவழியில் எள் தூவிய ரொட்டி விற்போரும், காப்பி ஊற்றுவோரும், மூட்டையையும் நடக்க இயலாதவரையும் வண்டியில் வைத்துத் தள்ளுவோரும் தோன்றினர். மானிடவியலாளர் ரேமா அம்மாமி அவர்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். வேலை இழந்து அங்கு வந்தவர்கள் அவர்களில் பலர். வரிசையை ஒழுங்குபடுத்தியவர்களும், வீரர் வெகுண்டால் மாணவரைக் காத்தவர்களும் அவர்களே. தடை ஒரு சந்தையையும் அதற்குரிய அறத்தையும் பிறப்பித்தது. இதைப் படித்து நாம் நெகிழலாம். ஆனால் அந்த வண்டிக்காரர் முன்பு கட்டடத் தொழிலாளியாகவோ தச்சராகவோ இருந்தவர் என்பதை மறந்துவிட்டு நெகிழக் கூடாது.

இந்த இழப்பையும் பொருளியலார் அளந்தார்கள். மாசிமிலியானோ காலி, சாமி மியாரி இருவரும் உலக வங்கிக்காகச் செய்த ஆய்வில், இரண்டாம் எழுச்சிக் காலத்துத் தொழிலாளர் தரவையும் சாவடிகளின் இருப்பிடத்தையும் பொருத்திப் பார்த்தார்கள். ஊருக்கு அருகில் சாவடி இருந்தால் வேலை கிடைக்கும் வாய்ப்பும் மணிக்கூலியும் வேலை நாட்களும் குறைகின்றன. வேலை கிடைத்த நாளில் உழைக்கும் நேரமோ கூடுகிறது. 2007ஆம் ஆண்டில் மட்டும் மேற்குக் கரைப் பொருளாக்கத்தில் ஏறத்தாழ 6 விழுக்காட்டுக்கு ஈடான இழப்பு என்பது அவர்களின் மதிப்பீடு. மற்றோர் ஆய்வு 2014இல் வந்தது. மேத்யூ லாங்கோ, தப்னா கனெட்டி, நான்சி கைட்ரூபின் மூவரும், சாவடி தளர்த்தப்பட்ட ஊர்களையும் தளர்த்தப்படாத ஊர்களையும் ஒப்பிட்டார்கள். தளர்த்தப்பட்ட ஊர்களில் வன்முறைக்கான ஆதரவு குறைந்திருந்தது. பாதுகாப்புக்காக நிறுவப்பட்ட ஒன்று பாதுகாப்பைக் குறைக்கும் மனநிலையை வளர்க்கிறது என்றால், அதன் பயனை மறுபடி கணக்கிட வேண்டும் என்பது உணர்ச்சிப் பேச்சாகாது.

நோக்கர்கள் தங்களையே கேட்டுக்கொண்ட கடுமையான வினா வேறொன்று. நாம் நிற்பதால் சாவடி மனிதத்தன்மை உடையதாகத் தோற்றம் பெறுகிறதா? முதியோர், பெண்கள், நோயாளிகளுக்கென்று தனிவழி ஏற்படுத்தப்பட்டது. அது பூட்டியே கிடந்தபோது, பொறுப்பு அலுவலருக்குத் தொலைபேசியில் பேசித் திறக்கச் செய்தவர்கள் தன்னார்வலர்களே. அன்று அந்த முதியவருக்கு அது உண்மையான உதவி. ஆனால் சாவடியைச் செப்பனிடுவது சாவடியை நிலைபெறச் செய்வதாகும் என்று தொடக்கத்திலேயே எச்சரித்தவர்களும் அவர்களுக்குள்ளேயே இருந்தார்கள். யெகுதித் கேசெத் அவர்களுள் ஒருவர். கற்குவியலும் மணல்மூட்டையுமாய் இருந்த கலந்தியா, 2005இன் இறுதிவாக்கில் பெருங்கூரையும் கண்ணாடிச் சாளரமும் உள்ள முனையமாக எழுந்தபோது அந்த எச்சரிக்கை மெய்யாயிற்று.

2019இல் கலந்தியா மீண்டும் புதுப்பிக்கப்பட்டது. முகங்காணும் கருவிகள் பொருத்திய தானியங்கி வாயில்கள் வந்தன. முன்பு ஒரு மணிக்கு மேல் ஆன இடத்தில் சில நிமையங்களில் கடந்தார்கள். வரிசையை எண்ணியவர்களின் குறிப்பேட்டில் இது வெற்றி போலத் தெரியும். ஆனால் அளவுகோல் தவறான இடத்தைக் காட்டத் தொடங்கிய தருணமும் இதுவே. வரிசையில் நிற்பவர் இசைவுச்சீட்டு உள்ளவர். சீட்டு மறுக்கப்பட்டவர் வரிசைக்கே வருவதில்லை. வராதவரை எந்த எண்ணும் கருவியும் எண்ணாது. இதை மக்சோம் வாட்ச் பெண்கள் முன்பே உணர்ந்திருந்தார்கள். காரணம் சொல்லப்படாமல் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டு, இசைவு மறுக்கப்பட்டோரைப் பற்றி 2007இல் தனி அறிக்கை வெளியிட்டார்கள். அத்தகையோருக்கு மனு எழுதிக் கொடுத்தார்கள், வழக்கறிஞரை அமர்த்தினார்கள். மனு சென்றதும் பலருடைய தடை ஓசையின்றி நீக்கப்பட்டது. உண்மையாகவே இடர் விளைவிப்பவர் என்றால் ஒரு தாளைக் கண்டு தடையை நீக்குவார்களா? பட்டியலின் நம்பகத்தன்மையைச் சோதிக்க இதைவிடச் சிறந்த ஆய்வை ஒரு பல்கலைக்கழகம்கூட வகுத்திருக்க முடியாது.

முகங்காணும் கருவிகளின் தரவு யாரிடம் போகிறது, எவ்வளவு காலம் இருக்கிறது என்பதைச் சுழல்வாயில் அருகே நின்று எவரும் காண இயலாது. எப்ரோன் நகரின் சாவடிகளில் அத்தகைய ஒருங்கியம் ஒன்று பாலத்தீனரின் முகங்களை அவர்களின் ஒப்புதலின்றிப் பதிந்து வருவதை அம்நெசுட்டி அமைப்பு 2023இல் வெளிப்படுத்தியது. முன்னாள் வீரர்களின் சான்றுகளும் அதற்கு உதவின. 2004இல் முன்னாள் வீரர்கள் தொடங்கிய 'மௌனத்தை உடைத்தல்' அமைப்பு இத்தகைய சான்றுகளைத் திரட்டுகிறது. சாளரத்தின் இந்தப்புறம் நின்றவர்களின் பதிவும் அந்தப்புறம் அமர்ந்தவர்களின் பதிவும் இப்படிச் சந்தித்துக்கொள்வது நல்ல அறிகுறி.

எப்ரோனுக்கு மற்றொரு பாடமும் உண்டு. 1994இல் அங்குள்ள வழிபாட்டிடத்தில் 29 பாலத்தீனர் சுட்டுக் கொல்லப்பட்டபின், பன்னாட்டு நோக்கர் குழு ஒன்று அமைந்தது. 1997 முதல் தொடர்ந்து இயங்கியது. நார்வே, சுவீடன், இத்தாலி, சுவிட்சர்லாந்து, துருக்கி முதலிய நாடுகள் ஊதியம் கொடுத்து அனுப்பிய, பயிற்சி பெற்ற நோக்கர்கள் அவர்கள். அவர்களின் அறிக்கைகள் மறைவானவை. இருதரப்பு அரசுகளுக்கும் உறுப்பு நாடுகளுக்கும் மட்டுமே சென்றன. 2019 சனவரியில் இசுரேல் அதன் காலத்தை நீட்டிக்க மறுத்தது, குழு வெளியேறியது. இருபதாண்டுப் பதிவு பொதுமக்கள் கைக்கு எட்டாத இடத்தில் கிடக்கிறது. ஊதியமும் பயிற்சியும் இல்லாத பெண்கள் எழுதியதோ எவரும் படிக்கும்படி இருக்கிறது. 1937இல் இங்கிலாந்தில் தொடங்கிய 'மக்கள்திரள் நோக்கீடு' என்னும் இயக்கம் எளிய தன்னார்வலரின் நாட்குறிப்புகளைத் திரட்டி வைத்ததால், போர்க்கால ஆங்கிலேயரின் அன்றாடத்தை இன்றும் வரலாற்றாளர் அறிய முடிகிறது. பதிவின் துல்லியத்தைப் போலவே அதன் திறந்தநிலையும் அறிவியலின் பகுதி.

ஐ.நா.வின் மனிதநேய ஒருங்கிணைப்பு அலுவலகம் மேற்குக் கரையின் நடமாட்டத் தடைகளைக் காலந்தோறும் எண்ணி வருகிறது. சாவடி, சாலை வாயில், மண்மேடு, அகழி எல்லாம் அதில் அடங்கும். 2020இன் தொடக்கத்தில் அவை 593. 2023இன் தொடக்கத்தில் 645. அவ்வாண்டு அக்டோபர் 7இல் காசாவிலிருந்து வந்த தாக்குதலும் அதைத் தொடர்ந்த போரும் எல்லாவற்றையும் மாற்றின. இசுரேலில் வேலை செய்த பாலத்தீனரில் மிகப் பெரும்பாலோரின் இசைவு நிறுத்தப்பட்டது. இரவு மூன்று மணிக் கூட்டம் கரைந்தது. ஊர் வாசல்களில் புதிய இரும்பு வாயில்கள் முளைத்தன. 2025இன் தொடக்கத்தில் தடைகளின் எண்ணிக்கை 849. வரிசை குறைந்து தடை மிகுந்த இந்த நிலையை வரிசையின் நீளத்தைக் கொண்டு மட்டும் அளந்தால், விடுதலை வந்துவிட்டது என்றுகூடக் கணக்குக் காட்டலாம். இருபதாண்டுத் தொடர்பதிவு கையில் இருப்பதால்தான் அந்தப் பொய்க்கணக்கு நிற்காது.

இத்தகைய வரிசைகள் தமிழருக்கும் புதியவை அல்ல. 2002 முதல் 2006 வரை இலங்கையின் ஏ9 நெடுஞ்சாலையில், ஓமந்தையிலும் முகமாலையிலும் வரிசையில் நின்று கடந்த ஈழத்தமிழர்கள் இன்று உலகெங்கும் வாழ்கிறார்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு வந்தீர்கள், முன்னால் எத்தனை பேர், என்ன கேட்டார்கள், எப்போது கடந்தீர்கள் என்பதை நினைவு மங்குமுன் எழுதி வையுங்கள். ஒன்றும் நடவாத நாளையும் சேர்த்து எழுதுங்கள். புள்ளியியல் பயிலும் நம் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மக்சோம் வாட்ச் பதிவுகளில் ஒரே ஒரு சாவடியின் ஓராண்டு அறிக்கைகளை எடுத்து, அவற்றின் மாறுபாட்டைக் கணக்கிட்டுத் தமிழில் வெளியிடுங்கள்.